காசும் கேஷும்



மும்பை மாதுங்காவிலும், தில்லி கரோல்பாக்கிலும், கொல்கத்தா லேக் மார்க்கெட்டிலும், வேறு எந்த ஊரில் நாம் குடியேறியிருந்தாலும் அங்குள்ள கடைத்தெருவிலும், பொருளைக் கட்டிக் கொடுத்த கடைக்காரர் நம்மிடம் கேட்கும் கேள்வி இன்று ஒன்றாகவே இருக்கிறது. மராத்தியிலோ இந்தியிலோ வங்காளத்திலோ அவர் வாக்கியத்தைத் தொடங்கினாலும், முக்கியமான சொல் மட்டும் 'கேஷ்' என்றே வந்து விழுகிறது. கையில் பணமாகத் தருகிறீர்களா, அன்றிக் கைப்பேசியைக் காட்டிச் செலுத்துகிறீர்களா என்பதே அவர் அறிய விரும்புவது. இந்நாட்டின் எல்லா மொழியினருக்கும் பொதுவாகிவிட்ட சில ஆங்கிலச் சொற்களுள் இஃது ஒன்று. இதனை ஆங்கிலச் சொல் என்று எண்ணாமலே பேசுகிறோம்.

ஆனால் நம்மவர் கூடும் சங்கங்களில் இச்சொல்லுக்கு வேறொரு மதிப்பு உண்டு. ஆண்டு விழா மேடையில் ஏறும் பேச்சாளர் எவரேனும், "ஆங்கிலேயர் நாவில் புழங்கும் கேஷ் என்பது நம் காசே அன்றி வேறு என்ன?" என்று கேட்டால் அரங்கம் கைதட்டும். கைதட்டுவோருள் நாமும் இருக்கிறோம். சொந்த ஊரை விட்டு வந்து, மூன்று மொழிகளுக்கிடையே வாழ்ந்து, வீட்டுக்குள் மட்டும் தமிழைப் பாதுகாத்து வருகின்ற குடும்பங்களுக்கு இத்தகைய செய்தி தேனாக இனிப்பது இயல்பே. பிறர் மொழியில் நாள் முழுதும் பேசிக் களைத்தவனுக்கு, அப்பிறர் மொழியிலும் தன் தாயின் குரல் கலந்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால் எவ்வளவு ஆறுதல்!

எனினும் அந்த ஆறுதலை நம் பிள்ளைகளுக்குச் சொத்தாகக் கொடுப்பதற்கு முன் ஒரு முறை உரைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. புனேயிலோ ஜாம்ஷெட்பூரிலோ பிறந்து வளரும் சிறுவன் தமிழின் பெருமையாக முதலில் கேட்பது பெரும்பாலும் இத்தகைய சொற்கதைகளையே. பள்ளிக்கூடத்தில் அவன் இதனைப் பெருமையோடு சொல்கிறான். உடன் படிக்கும் மற்றொரு சிறுவன் ஆங்கில அகராதியைப் புரட்டி, 'இலத்தீன் மொழியிலிருந்து வந்தது' என்று போட்டிருப்பதைக் காட்டுகிறான். அந்த வேளையில் நம் பிள்ளை ஐயுறத் தொடங்குவது கேஷ் என்னும் ஒரு சொல்லை மட்டுமன்று. தமிழ் தொன்மையானது, வளமுடையது என்று நாம் சொன்ன மற்ற மெய்யான செய்திகளையும் சேர்த்தே ஐயுறுகிறான். ஆகவே, இது பொழுதுபோக்குக்கான வினா அன்று.

உண்மை யாதெனில், மேடைப் பேச்சாளரும் அகராதியும் ஒருங்கே சரி. ஆங்கிலத்தில் கேஷ் என்று எழுதப்படும் சொற்கள் இரண்டு. எழுத்து ஒன்று, ஒலி ஒன்று, பிறப்பு வேறு. நல்ல ஆங்கில அகராதிகள் அவற்றைத் தனித்தனித் தலைச்சொற்களாகவே தருகின்றன. ஒன்று பெட்டியில் பிறந்தது. மற்றொன்று நம் மடியில் பிறந்தது.

முதலில் பெட்டியில் பிறந்ததைப் பார்ப்போம். இலத்தீன் மொழியில் 'கப்சா' என்றால் பெட்டி. ஏட்டுச் சுருள்களை வைப்பதற்கு உரோமானியர் கையாண்ட வட்டப் பேழைக்கு அப்பெயர் உண்டு. 'எடுத்துக்கொள்', 'பற்று' என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து அது வந்தது. பற்றி வைத்துக்கொள்வது பெட்டி. இத்தாலிய வணிகர் அதனைக் 'கஸ்ஸா' என்றனர். பிரெஞ்சுக்காரர் 'கேஸ்' என்றனர். டேனியர் 'கஸ்ஸ' என்பர். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இச்சொல் ஆங்கிலத்திற் குடியேறிய போது அதற்கு உரிய பொருள் பணப்பெட்டி என்பதே. பெட்டியின் பெயர் மெல்ல மெல்ல அதனுள் இருக்கும் பணத்தைச் சுட்டலாயிற்று. சிறிது காலம் இரு பொருளும் ஒருங்கே வழங்கின. பின்னர்ப் பெட்டி மறைந்துவிட, பணம் மட்டும் எஞ்சியது. இஃது ஒன்றும் விந்தையன்று. நாம் 'இரண்டு தட்டுச் சாப்பிட்டேன்' என்று சொன்னால் எவரும் தட்டைத் தின்றதாகக் கொள்வதில்லை. கொள்கலத்தின் பெயர் கொள்பொருளுக்கு ஆவதை இடவாகுபெயர் என்று நம் இலக்கணம் பெயரிட்டே வைத்திருக்கிறது.

இந்தப் பெட்டிக் குடும்பம் பெரிது. மருந்தைப் பொதிந்து தரும் 'காப்ஸ்யூல்' சிறு பெட்டி என்று பொருள்படும். கண்ணாடியையோ கைப்பேசியையோ வைக்கும் 'கேஸ்' அதன் உடன்பிறப்பு. ஆனால் நீதிமன்றத்து வழக்கைக் குறிக்கும் 'கேஸ்' வேறு. அது 'விழுதல்' என்னும் பொருளுடைய மற்றோர் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

இலண்டனில் பொற்கொல்லர்களே முதலில் வங்கித் தொழிலை நடத்தியவர்கள். 1677-ஆம் ஆண்டு வெளிவந்த இலண்டன் வணிகர் பெயர்ப் பட்டியலில், 'ஓடும் கேஷ் வைத்திருக்கும் பொற்கொல்லர்கள்' என்று ஒரு தனிப் பகுதியே உண்டு. பிறர் பணத்தைத் தம் பெட்டியில் வாங்கி வைத்து, கேட்கும்போது கொடுப்பவர் என்பது கருத்து. அப்பெட்டிக்குக் காவலரே 'கேஷியர்'. இன்றும் இங்கிலாந்து வங்கி வெளியிடும் நோட்டில் கையொப்பமிடுகின்றவர் அவ்வங்கியின் தலைமைக் கேஷியரே. அதன் ஆளுநர் அல்லர். நம் நாட்டு நோட்டுகளில் ரிசர்வ் வங்கியின் ஆளுநர் கையொப்பமிடுகிறார். பெட்டியின் சாவி யாரிடம் என்ற பழைய எண்ணம் இங்கிலாந்தில் இன்னும் போகவில்லை போலும்.

ஆங்கிலத்தில் 'கேஷியர்' என்றே எழுதப்படும் ஒரு வினைச்சொல்லும் இருக்கிறது. படை அதிகாரியை அவமதிப்போடு பணியிலிருந்து நீக்குவது அதன் பொருள். இது பெட்டியிலிருந்து வந்ததன்று. 'செல்லாததாக்கு' என்னும் பொருளில் பிரெஞ்சிலும் டச்சிலும் வழங்கிய சொல்லின் வழியாக வந்தது. கணக்கில் கைவைத்த கேஷியரைக் கேஷியர் செய்தார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னால், அந்த இரு சொல்லும் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை என்று அவ்வாங்கிலேயருள்ளேயே பலர் அறியார்.

கேஷியர் கைவைப்பது பற்றிப் பேசும்போது ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில் ஜேம்ஸ் ரிட்டி என்பவர் மதுக்கடை நடத்தி வந்தார். கடையில் விற்ற பணம் பெட்டிக்கு வராமல் பணியாளர் பைக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் கப்பற் பயணம் ஒன்றில், கப்பலின் உந்துசுழலி எத்தனை முறை சுற்றியது என்பதை எண்ணிக் காட்டும் கருவியைக் கண்டார். கப்பலின் சுற்றை எண்ணலாமென்றால் கடைக்கு வரும் பணத்தை எண்ணக் கூடாதா என்று தோன்றிற்று. 1879-இல் தம் உடன்பிறந்தாரோடு சேர்ந்து ஒரு பொறிக்கு உரிமம் பெற்றார். அதற்கு அவர் இட்ட பெயர், 'கறைப்படுத்த முடியாத கேஷியர்' என்னும் கருத்துடையது. கடைகளில் மணி அடித்துத் திறக்கும் கேஷ் ரிஜிஸ்டர் பிறந்தது அப்படித்தான். பெட்டி என்ற பழம்பொருள் மீண்டும் பெட்டியிலேயே வந்து சேர்ந்தது.

இனி, நம் மடியில் பிறந்த காசுக்கு வருவோம்.

தமிழில் காசு என்பது ஒரு பொருளோடு நிற்கும் சொல் அன்று. பொன்மணியையும் மாலையிற் கோத்த காசையும் அது குறிக்கும். பொன் நாணயத்தையும் குறிக்கும். செப்புச் சல்லியையும் குறிக்கும். குற்றம் என்றும் ஒரு பொருள் உண்டு. கம்பர் தம் காவியத்தின் தொடக்கத்தில் இராமனது வெற்றியைச் சிறப்பிக்கும்போது காசு என்பதை இப்பொருளில் ஆண்டிருக்கிறார். யாப்பிலக்கணம் படித்தவர்களுக்கு மற்றொன்றும் தெரியும். வெண்பாவின் ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளுள் ஒன்றில் முடிதல் வேண்டும். ஆகவே வெண்பா எழுதும் தமிழ்ப் புலவன் கையில் காசு இல்லாவிடினும் பாட்டின் கடைசியில் பல முறை காசு கண்டிருப்பான்.

தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுகளைப் படிப்போர் பக்கந்தோறும் காசைக் காண்பர். முதலாம் இராசராசன் காலத்தில் கோயிற்குக் கொடுத்த காசைச் சுற்றியுள்ள ஊர்ச் சபையினர் கடனாகப் பெற்று, ஆண்டுதோறும் காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு வட்டியாகச் செலுத்த ஒப்பியிருக்கிறார்கள். அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. ஆயிரம் ஆண்டுக்கு முன் கல்லில் வெட்டிய அந்த வட்டி வீதம் இன்றைய வங்கிக் கடனுக்கும் அந்நியமாகத் தோன்றவில்லை.

அதற்கும் முந்தைய நூற்றாண்டுகளில் காசு பக்தி வரலாற்றிலும் புகுந்திருக்கிறது. பெரிய புராணம் சொல்லும் திருவீழிமிழலை நிகழ்ச்சியை நம் வீட்டு முதியோர் அறிவர். நாட்டில் பஞ்சம். திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் அடியார் கூட்டத்தோடு அவ்வூரில் தங்கியிருக்கின்றனர். அடியார்க்கு அமுதளிக்கும் பொருட்டு, நாள்தோறும் இருவருக்கும் கிழக்குப் பீடத்திலும் மேற்குப் பீடத்திலும் ஒவ்வொரு காசு இறைவன் அருளால் கிடைக்கிறது. நாவுக்கரசர் மடத்தில் காலத்தோடு உணவு ஆகிறது. சம்பந்தர் மடத்தில் தாமதமாகிறது. காரணம் கேட்டபோது, கடைக்காரர் நாவுக்கரசரின் காசை அப்படியே ஏற்கின்றனர், சம்பந்தரின் காசுக்கு மட்டும் வாசி கேட்கின்றனர் என்று தெரிய வருகிறது. வாசி என்பது நாணயத்தின் மாற்றுக் குறைவுக்காகக் கழிக்கும் வட்டம். உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு செய்தவர்க்கு வாசியில்லாக் காசு. அதனால்தான் அந்த வேறுபாடு என்று புராணம் கூறுகிறது. பின்னர்ச் சம்பந்தர் பாடி வாசி தீர்ந்த காசு பெற்றார். இறைவன் கொடுத்த காசானாலும் சந்தைக்கு வந்தால் தேய்த்துப் பார்த்துத்தான் வாங்குவோம் என்று நின்ற அந்தக் கடைக்காரரை எண்ணுந்தோறும் வியப்பாக இருக்கிறது. வாணிகம் அன்றும் வாணிகமே.

காசு எங்கிருந்து வந்தது? நம் சொல்லையே வடமொழியில் 'கர்ஷம்' என்னும் எடைப் பெயரோடு உறவுபடுத்தும் அறிஞர் பலர் உண்டு. அவ்வாறாயினும் நமக்கு இழுக்கில்லை. எடையின் பெயர் நாணயத்தின் பெயராவது உலகெங்கும் உள்ளதே. ஆங்கிலேயரின் பவுண்டும் ஓர் எடையே.

காசு கடலேறிய கதை போர்த்துகீசியரோடு தொடங்குகிறது. 1510-இல் அவர்கள் கோவாவைப் பிடித்தனர். 1511-இல் மலாக்காவைப் பிடித்தனர். மலாக்காவில் அப்போதே தமிழ் வணிகர் செல்வாக்கோடு இருந்தனர். தென்னிந்தியக் கரையிலும் மலாக்காவிலும் புழங்கிய சிறு நாணயத்தின் பெயர் போர்த்துகீசியர் செவியில் விழுந்தது. காசு என்னும் சொல்லின் இறுதி உகரம் குற்றியலுகரம். அரை மாத்திரையே ஒலிப்பது. அந்நியர் செவிக்கு அது எட்டாமற் போவதில் வியப்பில்லை. எஞ்சியதை அவர்கள் 'காய்ஷா' என்று எழுதிக்கொண்டனர்.

இங்கேதான் சொல்லின் விளையாட்டு. போர்த்துகீசிய மொழியில் 'காய்ஷா' என்ற சொல் ஏற்கெனவே இருந்தது. அதன் பொருள் பெட்டி! இலத்தீன் கப்சாவின் நேர் வாரிசு. கிழக்கே வந்தவன் நம் காசைக் கேட்டவுடன், தன் வீட்டுப் பெட்டியின் பெயரை அதற்குச் சூட்டிவிட்டான். அவனுக்குப் பின்னால் வந்த ஆங்கிலேயன் அதே செயலை மீண்டும் செய்தான். தென்னாட்டுச் செப்புக் காசின் பெயரைக் கேட்டவன், தன் மொழியில் பணம் என்ற பொருளில் வழங்கத் தொடங்கியிருந்த கேஷ் என்பதன் எழுத்தையே அதற்கும் இட்டான். இவ்வாறு உறவில்லாத இரு சொற்கள் இருமுறை ஓர் உடையை அணிந்துகொண்டன. இருவர் ஒரே சட்டை அணிந்திருப்பதைக் கண்டு அண்ணன் தம்பி என்று நாம் முடிவு கட்டினால், பிழை சட்டையினுடையதன்று.

காலத்தையும் வழியையும் சேர்த்துப் பார்த்தால் இது தெளிவாகும். பெட்டிக் கேஷ் பதினாறாம் நூற்றாண்டு முடிவதற்குள் ஆங்கிலத்தில் வந்துவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எலிசபெத் அரசி பட்டயம் அளித்தது 1600-ஆம் ஆண்டின் கடைசி நாளில்; சென்னையில் கம்பெனி நிலம் பெற்றது 1639-இல். சென்னைக் கடற்கரையில் அவர்கள் ஒரு படி அரிசி வாங்குவதற்கு முன்பே இலண்டன் வணிகன் தன் பணத்தைக் கேஷ் என்று அழைக்கத் தொடங்கியிருந்தான். ஆகவே இன்று கடைக்காரர் நம்மிடம் கேட்கும் கேஷ், பெட்டிக் கேஷே. நம் காசு அன்று.

சிலர்க்கு இது மனக்குறையாக இருக்கும். தமிழ்நாட்டு வங்கிகளில் 'கேஷியர்' என்பதற்குக் 'காசாளர்' என்று பலகை தொங்குகிறது. அதைக் கண்ட கண்ணுக்கு உறவு கண்கூடாகத் தெரிகிறது. அப்பலகை நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் சாதுரியம். ஒலியும் பொருளும் ஒருங்கே பொருந்துமாறு சொல் அமைத்துவிட்டார். பாராட்டுவோம், ஆனால் அதனைச் சாட்சியாகக் கூண்டில் ஏற்ற முடியாது. இதே வகையில் முந்திரிப் பருப்பின் ஆங்கிலப் பெயராகிய 'கேஷ்யூ' என்பதையும் காசோடு முடிச்சிடுவோர் உண்டு. அது பிரேசில் நாட்டுத் துப்பி மொழிச் சொல். மரமும் பெயரும் அங்கிருந்தே போர்த்துகீசியர் கப்பலில் வந்தன.

குறை நீங்க வேண்டுமானால் நம் காசு உண்மையில் போன வழியைப் பின்தொடர வேண்டும். அவ்வழி இலண்டன் பெட்டிக்குப் போகவில்லை; அதனினும் நெடுந்தொலைவு போயிற்று.

சீன நாட்டில் நூற்றாண்டுகளாக வழங்கியது வட்ட வடிவான, நடுவில் சதுரத் துளையுள்ள செப்பு நாணயம். துளையில் கயிறு கோத்து ஆயிரம் ஆயிரமாகச் சரம் கட்டி வைப்பர். சீனர் அதற்குத் தம் மொழியில் 'வென்' என்றும் 'ச்சியென்' என்றும் பெயர் வழங்கினர். ஆனால் ஆங்கில நூல்கள் அந்நாணயத்தைச் 'சீனக் கேஷ்' என்றே எழுதுகின்றன. இந்தக் கேஷ் பெட்டிக் கேஷ் அன்று. இது நம் காசு. தென்னிந்தியாவிலும் மலாக்காவிலும் சிறு நாணயத்திற்குக் கேட்ட பெயரை ஐரோப்பியர் மேலும் கிழக்கே கொண்டுபோய், தாம் கண்ட சீனச் செப்புக்கும் இட்டுவிட்டனர். எந்தச் சீனரும் தம் நாணயத்தைக் காசு என்று அழைத்ததில்லை. எந்தத் தமிழரும் போய் அப்பெயரை இட்டதுமில்லை. இடையில் நின்ற மூன்றாமவர் செய்த காரியம் இது. ஆயினும் இன்று எந்த அருங்காட்சியகத்திலும் ஆங்கிலப் பலகையோடு சீனச் செப்பு வைக்கப்பட்டிருந்தால், அதன் கீழே ஒரு தமிழ்ச் சொல் எழுதப்பட்டிருக்கிறது.

பெயர் அங்கே போவதற்கு நெடுங்காலம் முன்பே நாணயம் இங்கே வந்துவிட்டது. தஞ்சை மாவட்டத்தில் சீனச் செப்பு நாணயங்கள் புதையலாகக் கிடைத்துள்ளன. சோழ மன்னர் சீனப் பேரரசருக்குத் தூது அனுப்பியதைச் சீன வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. அத்தூதுகள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீன அரசவையை அடைந்தன. 1077-இல் சென்ற தூதுக்குழுவில் எழுபத்திருவர் இருந்தனர். அவர்கள் கொண்டுசென்ற பொருள்களுக்கு ஈடாக 81,800 சரம் செப்பு நாணயம் பெற்றார்கள் என்று அக்குறிப்பு கூறுவதை வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் தம் சோழர் வரலாற்றில் எடுத்துக் காட்டியிருக்கிறார். ஒரு சரத்துக்கு ஆயிரம் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். எட்டுக் கோடிக்கு மேல். தூது என்ற பெயரில் நடந்தது பெருவாணிகம் என்று அவர் கருதியதில் தவறு காண முடியாது.

தென்னாட்டில் வந்து கடைவிரித்த ஐரோப்பியர் அனைவருமே காசைத் தத்தம் நாவிற்கேற்ப வளைத்துக்கொண்டனர். 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியில் இருந்த டேனியர் தாம் அடித்த செப்பு நாணயங்களில் 'கஸ்' என்று பொறித்தனர். எண்பது கஸ் ஒரு பணம். புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர் 'காஷ்' என்றனர். சென்னையில் கம்பெனியார் கணக்கு: எண்பது காசு ஒரு பணம், நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன், ஆக வராகனுக்கு 3,360 காசு. 1818-இல் வெள்ளி ரூபாய் அளவுகோலாகும் வரை கோட்டையிலிருந்த ஆங்கிலக் கணக்கர்கள் இத்தமிழ் வாய்பாட்டில்தான் தம் பேரேடுகளை எழுதினார்கள். கடன் ஒரு பக்கமாகவே இருக்கவில்லை. டச்சுக்காரரின் 'டொய்ட்' என்னும் செப்பு நாணயம் நமக்குத் 'துட்டு' ஆயிற்று. 'ரொக்கம்' மராத்தியர் வழியாக வந்தது; இந்திக்காரர் 'ரோக்கட்' என்று சொல்வதைக் கேட்டால் உறவு விளங்கும். துட்டைக் கொடுத்துக் காசை வாங்கினோமா, காசைக் கொடுத்துத் துட்டை வாங்கினோமா என்று கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் ஒழுங்குபட எழுதி வைத்தவர்கள் பெருமைக்காக எழுதியவர்கள் அல்லர். ஹென்றி யூல், ஆர்தர் பர்னல் என்னும் இருவர் தொகுத்து 1886-இல் வெளிவந்த 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியம் காசின் கதையை விரித்துக் கூறுகிறது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தஞ்சை அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை எழுதியவர். தம் நூல் அச்சேறுவதைக் காணாமல் 1882-இல் மறைந்தார். அந்நூலைப் புரட்டினால், கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் ஆங்கிலத்தில் குடிபுகுந்த வரலாறு ஐயத்திற்கு இடமின்றிக் கிடைக்கும். குருந்தக் கல்லின் ஆங்கிலப் பெயரும் அவ்வாறே. நம் பிள்ளைகளுக்குச் சொல்ல இத்தனை இருக்கும்போது, இலண்டன் பெட்டியையும் நமதென்று பிடித்து இழுப்பது தேவையற்ற வேலை என்றே நமக்குத் தோன்றுகிறது. அரங்கில் கைதட்டல் சிறிது குறையலாம். அதனால் என்ன?

அண்மைக் காலத்தில் இச்சொல் நமக்கு மற்றுமொரு சங்கடத்தைத் தந்தது. 2016 நவம்பரில் ஐந்நூறு ரூபாய், ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்ட பின்னர், 'கேஷ்லெஸ்' என்னும் சொல் நாடெங்கும் முழங்கிற்று. தமிழில் அதனைச் சிலர் 'காசில்லாப் பொருளாதாரம்' என்று பெயர்த்தனர். தமிழறிந்தவர் நகைத்தனர். காசில்லாமை என்றால் நமக்கு வறுமை. காசில்லாப் பொருளாதாரத்தை நாட நமக்கு எந்த அரசின் துணையும் வேண்டியதில்லை. 'ரொக்கமில்லா' என்று திருத்தியோர் நன்றே செய்தார்கள். கம்பர் கருத்துப்படி கொண்டால், காசில்லாதது என்பது குற்றமற்றது என்று பொருள்பட்டுப் புகழ்ச்சியாகிவிடும். அந்த அளவுக்குப் போக எவரும் துணியவில்லை.

ரொக்கம் கையில் இருக்கும்போது ஒன்று செய்து பாருங்கள். நோட்டின் பின்புறத்தில் பதினைந்து மொழிகளில் அதன் மதிப்பு எழுதப்பட்டிருக்கும். மேலிருந்து எண்ணினால் பதின்மூன்றாம் வரி தமிழ். வெளி மாநிலத்தில் வளரும் குழந்தைக்கு எழுத்தறிவிக்க இதனினும் எளிய ஏடு இல்லை. வீட்டில் எந்நாளும் ஒன்றாவது இருக்கும், மாதக் கடைசியிலும் இருக்குமென்று நம்புவோம்.

சட்டப்படி செல்லும் நாணயமாகக் காசு நம் நாட்டில் அண்மைக் காலம் வரை உயிரோடிருந்தது. புதுக்கோட்டைத் தொண்டைமான் சமஸ்தானத்தில் பிரகதாம்பாள் உருவம் பொறித்த அம்மன் காசு வழங்கிற்று. நவராத்திரி நாட்களில் அரிசியோடு சேர்த்து ஏழை எளியோர்க்குக் கொடுக்கப்பட்டது. அச்சமஸ்தானம் 1948-இல் இந்திய யூனியனில் இணைந்தது. திருவிதாங்கூரில் பதினாறு காசு ஒரு சக்கரம், இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு ரூபாய். அந்த அரசு 1949 வரை வெளியிட்ட செப்புக் காசில் ஆங்கில எழுத்தில் 'ஒன் கேஷ்' என்றும் மலையாளத்தில் 'ஒரு காசு' என்றும் இரண்டும் இருந்தன. கன்னியாகுமரி மாவட்டம் 1956-இல் சென்னை மாநிலத்தோடு சேர்வதற்கு முன் அங்கு வாழ்ந்த முதியோர் இக்காசை எண்ணிப் பழகியவர்களே.

கம்பெனிக் காசுகளில் ஒரு தொகுதிக்கு வேறு விதமான முடிவு நேர்ந்தது. 1808-இல் சென்னை மாகாணத்திற்காகப் பத்துக் காசு, இருபது காசு நாணயங்களை இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் மாத்யூ போல்டனின் நீராவித் தங்கசாலையில் அடித்தார்கள். ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்து. அதன் கீழ் உரோமானிய எண்ணும் 'கேஷ்' என்ற ஆங்கில எழுத்தும். 'அட்மிரல் கார்டினர்' என்னும் கப்பல் இவற்றில் 48 டன் ஏற்றிக்கொண்டு சென்னை நோக்கிப் புறப்பட்டது. 1809 சனவரியில், இங்கிலாந்துக் கரையை விட்டு நீங்குவதற்குள்ளேயே, கென்ட் கடற்கரைக்கு அப்பாலுள்ள குட்வின் மணல்திட்டில் புயலில் மோதி அமிழ்ந்தது. நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் காசு கடலடியிற் கிடந்தது. 1980-களில் மூழ்கிச் செல்வோர் அவற்றைப் பெருந்தொகையாக வெளியே எடுத்தனர். ஆங்கிலேயர் பெட்டியைக் குறிக்கும் அதே எழுத்துகளில் தமிழ்க் காசின் பெயரைத் தாங்கிய அச்செப்புத் துண்டுகள், சென்னைச் சந்தையில் ஒரு கத்தரிக்காயும் வாங்காமலே, இப்போது நாணயம் சேர்ப்போரின் பேழைகளில் உறங்குகின்றன.